கிறிஸ்துமஸ் பரிசைக் கசக்கிப் பாருங்கள்!

வீட்டில் எங்காவது பழைய பரிசுத் தாள் கிடக்கிறதா, தேடுங்கள். போன வருஷம் யாரோ சுற்றிக் கொடுத்த பளபளப்புத் தாளாக இருந்தாலும் சரி. அதை உள்ளங்கையில் வைத்து இறுக்கிக் கசக்குங்கள். பத்து எண்ணிவிட்டு விரல்களை விரியுங்கள். சுருண்டபடியே கிடந்தால் அது காகிதம். சரசரவென்று தானாக விரிந்துகொண்டால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது.

காகிதம் என்பது மர நார்களின் பின்னல். கசக்கும்போது நார்கள் மடிகின்றன. மடிந்தவை மடிந்தபடியே நின்றுவிடுகின்றன. பிளாஸ்டிக் படலத்துக்கு மீள்தன்மை அதிகம். எப்படி மடக்கினாலும் பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும். அதன் மேல் தெரியும் வெள்ளிப் பளபளப்பு அலுமினியம். காற்றை வெளியேற்றிய கலத்துக்குள் அலுமினியத்தை ஆவியாக்கி, அந்த ஆவியைப் படலத்தின் மேல் படியவைக்கிறார்கள். பூச்சின் தடிமன் நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இவ்வளவு நுட்பமாகச் செய்த பொருளை நாம் பரிசைப் பிரிக்கும் வரைதான் பயன்படுத்துகிறோம். பிறகு பழைய பேப்பர் கடைக்காரர் அதை வாங்க மாட்டார். ஒன்றோடொன்று ஒட்டிய பிளாஸ்டிக்கையும் உலோகத்தையும் பிரித்தெடுப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது.

வாழ்த்து அட்டைகளில் தூவும் ஜிகினாத் தூளும் இதே சரக்குத்தான். பிளாஸ்டிக் படலத்தில் அலுமினியம் பூசி, பொடிப்பொடியாக வெட்டியது. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகளை நுண்பிளாஸ்டிக் என்கிறோம். மற்ற பிளாஸ்டிக் பெரும்பாலும் பல வருஷம் வெயிலில் காய்ந்து, நொறுங்கித்தான் நுண்பிளாஸ்டிக் ஆகிறது. ஜிகினா கடையில் வாங்கும்போதே அப்படித்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் ஜிகினாவைத் தடை செய்தது.

இப்போது கம்பம் பள்ளத்தாக்குக்கு வாருங்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களில் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் ஏறிவிடும். குடில் கட்ட வைக்கோல் தேடுவார்கள். அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் பள்ளிகளில் சீட்டுக் குலுக்கி, யார் யாருக்குப் பரிசு தருவது என்று முடிவு செய்துவிடுவார்கள். சீட்டில் வந்த பெயரை ரகசியமாக வைத்திருப்பதே பெரிய வேலை! இந்தக் கட்டுரை அந்தச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குத்தான். கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீட்டுப் பிள்ளைகளும் படிக்கலாம். பரிசு எல்லோருக்கும் பொது, குப்பையும் அப்படித்தான்.

குப்பை எப்படிப் பொதுவாகும் என்கிறீர்களா? உங்கள் ஊர்த் தண்ணீரின் பாதையைப் பாருங்கள். 1895 முதல் முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. அணையைக் கட்டிய பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15ஆம் தேதி அவருக்குப் பொங்கல் வைக்கும் ஊர்கள் உங்கள் பக்கம் உண்டே! அந்தத் தண்ணீர் லோயர்கேம்பில் மின்சாரம் தருகிறது. கூடலூர் தொடங்கிப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயலுக்குப் பாய்கிறது. பிறகு சுருளியாற்றோடு போய் வைகையில் கலந்து, வைகை அணைக்குச் சேர்கிறது. மதுரைக்குக் குடிநீர் அந்த அணையிலிருந்தும் போகிறது. கம்பத்து வாய்க்காலில் விழுந்த ஒரு சிட்டிகை ஜிகினாவைத் தடுத்து நிறுத்த, வைகை அணை வரை வழியில் எந்த வடிகட்டியும் இல்லை.

சரி, வாய்க்காலில் வைக்கோலும் விழுகிறது, வாழைச் சருகும் விழுகிறது. அவை மட்டும் ஏன் சேர்ந்துகொண்டே போகவில்லை?

இதுதான் இன்றைக்கு நாம் பேச வேண்டிய அறிவியல். வைக்கோல், பருத்தி, காகிதம், வாழை நார் எல்லாவற்றிலும் பெரும்பகுதி செல்லுலோஸ். குளுக்கோஸ் என்ற சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் சங்கிலி அது. மண்ணில் இருக்கும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் செல்லுலேஸ் என்ற நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதி, கத்தரிக்கோல் போலச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. வெட்டி முடித்தால் கிடைப்பது சர்க்கரை. அது நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு. தாவரங்கள் கோடிக்கணக்கான வருஷமாகச் செல்லுலோஸ் செய்து வருகின்றன. அதனால் அதை வெட்டும் கருவியும் இயற்கையில் உருவாகிவிட்டது.

பரிசுத் தாளில் இருக்கும் பாலிபுரோப்பிலினும் ஒரு சங்கிலிதான். ஆனால் அதன் முதுகெலும்பு முழுக்கக் கார்பனோடு கார்பன் சேர்ந்த உறுதியான பிணைப்பு. அந்தச் சங்கிலி உலகில் பெருமளவு புழங்கத் தொடங்கியது 1950களுக்குப் பிறகுதான். அதை வேகமாக வெட்டும் நொதி மண்ணில் இல்லை. 2016இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் வகைப் பிளாஸ்டிக்கை உண்ணும் ஒரு பாக்டீரியாவைச் சகாய் நகரில் கண்டுபிடித்தார்கள். ஆனால் மெல்லிய படலத்தைத் தின்று தீர்க்கவே அதற்குப் பல வாரங்கள் ஆகின்றன. உலகத்துக் குப்பையெல்லாம் அதன் தலையில் கட்டிவிட முடியாது.

ஆகவே பரிசு வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதன் வேலை முடிந்த பிறகு இதைச் சாப்பிட யாராவது இருக்கிறார்களா? மண்ணுக்குள் ஆள் இருந்தால் நல்ல பரிசு. இல்லையென்றால், அது பல வருஷம் உழைக்கக்கூடியதாகவாவது இருக்க வேண்டும். சைக்கிளில் பிளாஸ்டிக் இருக்கிறது. ஆனால் அண்ணன் ஓட்டி, தம்பி ஓட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஓட்டும். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பொங்கலுக்கு முன்பே உடைந்துபோகும் பொம்மைதான் பிரச்சினை.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித் தொலைதூரம் போக வேண்டாம். போடிநாயக்கனூர் வரை போனால் போதும்.

அங்கே மலையடிவாரத்தில் இலவ மரங்கள் உண்டு. 'இலவு காத்த கிளி' என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பழுக்கும் பழுக்கும் என்று கிளி காத்திருக்க, காய் வெடித்துப் பஞ்சாகப் பறந்துவிடுகிறது. பாவம் கிளி! ஆனால் மரத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. மாமரம் இனிப்பைக் கொடுத்துப் பறவைகளையும் விலங்குகளையும் ஈர்த்து விதையைப் பரப்புகிறது. இலவ மரம் அந்த வேலையைக் காற்றிடம் ஒப்படைத்திருக்கிறது. கோடையில் காய் வெடிக்கும்போது பஞ்சோடு சேர்ந்து விதையும் பறக்கிறது.

அந்தப் பஞ்சின் ஓர் இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே காலியிடம் தெரியும். மெல்லிய சுவர் கொண்ட குழாய் அது. இழையின் பருமனில் ஏறக்குறைய 80 சதவீதம் வெறும் காற்று. வெளிப்புறத்தில் மெழுகுப் பூச்சு வேறு. வழுவழுப்பாகவும் குட்டையாகவும் இருப்பதால் அதைத் தனியாக நூலாக நூற்பது கடினம். அதனால்தான் வேட்டி சேலைக்குப் பருத்தி, மெத்தை தலையணைக்கு இலவம் பஞ்சு என்று நம் முன்னோர் பிரித்து வைத்தார்கள். காற்று நிறைந்த இழை என்பதால் மெத்தையாக அமுங்கி, மறுபடி எழும்பும்.

ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். மருந்துக் கடையில் விற்கும் பஞ்சு கொஞ்சம், இலவம் பஞ்சு கொஞ்சம் எடுத்து இரண்டையும் போடுங்கள். மருந்துக் கடைப் பஞ்சு தண்ணீரைக் குடித்து மூழ்கும். இலவம் பஞ்சு நனையாமல் மிதக்கும். மெழுகு தண்ணீரை விலக்குகிறது, உள்ளிருக்கும் காற்று மிதக்க வைக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல்களில் போனவர்கள் அணிந்த உயிர்காப்பு உடைகளுக்குள் இந்தப் பஞ்சைத்தான் அடைத்திருந்தார்கள். போடி, தேனிப் பக்கம் கடைகளில் தலையணையாக விற்கிற அதே பஞ்சு!

என்னைக் கேட்டால், தாத்தா பாட்டிக்குக் கொடுக்க இதைவிட நல்ல கிறிஸ்துமஸ் பரிசு இல்லை. பழைய பருத்திச் சேலையில் உறை தைத்து, இலவம் பஞ்சு அடைத்த ஒரு சின்னத் தலையணை. அமுங்கிப்போனால் வெயிலில் காயவைத்துத் தட்டினால் மறுபடி உப்பும். பல வருஷம் கழித்து இனி முடியாது என்றான பிறகு தோட்டத்து மண்ணில் போடலாம், பூஞ்சைகள் பார்த்துக்கொள்ளும். இரண்டு எச்சரிக்கை உண்டு. பஞ்சு அடைக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். உலர்ந்த இலவம் பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால், குடிலில் பனி மாதிரித் தூவிவிட்டுப் பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றாதீர்கள்.

போடி வரை போனவர்கள் ஏலக்காயை மறந்துவிட்டு வர முடியுமா? மலைத் தோட்டங்களில் ஆகஸ்டு வாக்கில் அறுவடை தொடங்கி, டிசம்பரிலும் புதுக் காய் வந்துகொண்டிருக்கும். ஏலக்காயை நாலு மாதம் டப்பாவில் வைத்திருந்தாலும் மணக்கிறது; பொடித்து வைத்தால் சீக்கிரம் மணம் போய்விடுகிறது. ஏன் தெரியுமா? மணம் தரும் எண்ணெய் விதைக்குள் இருக்கிறது. அதில் முக்கியமான இரண்டு பொருள்கள் சினியோல், டெர்பினைல் அசிட்டேட். இரண்டும் எளிதாக ஆவியாகிக் காற்றில் பறப்பவை. மூடிய தோல் அவற்றைக் காக்கிறது. பொடித்தால் காவல் போய்விடும். இதே சினியோல்தான் யூகலிப்டஸ் எண்ணெயிலும் இருக்கிறது; ஏலக்காயை மெல்லும்போது மூக்கு வரை குளிர்வது அதனால்தான். ஒரு துணிச் சுருக்குப் பையில் இருபது முப்பது ஏலக்காய் போட்டு ஆசிரியருக்குக் கொடுத்துப் பாருங்கள். விதை பாயசத்துக்குப் போகும், தோல் தேயிலை டப்பாவுக்குப் போகும், பை மறுபடி உங்களிடமே வந்தாலும் வரும்.

திராட்சைக்கு வருவோம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்த வகையை இங்கே கொண்டு வந்தார் என்பது வரலாறு. இந்தியாவின் மற்ற இடங்களில் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் திராட்சைப் பருவம். இங்கே வருஷம் முழுவதும் குலை தொங்குகிறது. கவாத்து செய்த ஏறக்குறைய நான்கு மாதத்தில் கொடி அறுவடைக்கு வந்துவிடுவதால், விவசாயிகள் தோட்டத்துக்குத் தோட்டம் தேதி மாற்றிக் கவாத்து செய்கிறார்கள். பழத்தை முகர்ந்து பாருங்கள். அந்த வாசனையில் ஜெரானியால் என்ற பொருள் உண்டு. ரோஜாவிலும், ரோஜாவிலிருந்து எடுக்கும் பன்னீரிலும் இருப்பது அதேதான்.

பழமாகவே கொடுத்தால் சில நாளில் கெட்டுவிடும். பெரியவர்கள் அடுப்படியில் கூட இருந்தால் ஜாம் செய்யலாம். பழச் சாற்றோடு சர்க்கரையும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் காய்ச்சும்போது, பழத்தில் இருக்கும் பெக்டின் ஒரு வலை பின்னிக் குழம்பைக் கெட்டியாக்குகிறது. எலுமிச்சையின் அமிலம் அந்த வலையை இறுக்குகிறது. சர்க்கரை அடர்ந்த இடத்தில் ஒரு பாக்டீரியா விழுந்தால், சவ்வூடு பரவலால் அதன் உடலில் இருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கப்படும். அப்புறம் அது எப்படிப் பெருகும்? ஜாமைப் போட வெந்நீரில் கழுவிக் காயவைத்த பழைய கண்ணாடிப் பாட்டிலே போதும். கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. ஆனாலும் உருக்குவதற்கு 1,400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். கழுவுவதற்கு ஒரு சொம்பு வெந்நீர் போதும்.

இனிச் சுற்றுவது எப்படி? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. மஞ்சப்பையிலேயே பரிசைப் போட்டுக் கொடுக்கலாம். ஆனால் இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் பைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. பருத்தியை விளைவித்துப் பையாக்க எவ்வளவு செலவாகிறது என்று எல்லாம் பார்த்தார்கள். காலநிலை மாற்றத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், புதிய பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பையைவிட நல்லது. மற்ற பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை! அதற்காகப் பிளாஸ்டிக் பைக்குப் போய்விடாதீர்கள். அந்த ஆய்வு வாய்க்காலில் அடைக்கும் குப்பையைக் கணக்கில் எடுக்கவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: பரிசுக்கென்று புதுப் பை வாங்காதீர்கள். அம்மாவின் பழைய சேலையில், அப்பாவின் பழைய வேட்டியில் தைத்த பைக்கு அந்தப் பருத்திச் செலவு புதிதாக ஏறாது.

பை தைக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சதுரத் துணியில் பரிசை வைத்து நான்கு முனையையும் முடிந்துவிடலாம். ஜப்பானியர் இதை ஃபுரோஷிகி என்பார்கள். 2006இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே, பிளாஸ்டிக் பைகளைக் குறைக்க இந்தப் பழைய வழக்கத்தை மீண்டும் கையில் எடுத்தார். ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் நெசவு ஊர்கள். அந்த ஊர்த் துண்டு ஒன்றில் முடிந்து கொடுத்தால் சுற்றிய துணியும் பரிசாகிவிடும்.

ரிப்பனுக்குப் பதில் வாழை நார். குலை வெட்டிய மரத்தை எப்படியும் தூக்கித்தான் போடப்போகிறார்கள். தோட்டக்காரரிடம் கேட்டால் ஒரு மட்டை கிடைக்காதா என்ன? பூக்கட்டும் அக்காக்கள் நாரைத் தண்ணீரில் நனைத்த பிறகே கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த நார் முறியும். தண்ணீர் செல்லுலோஸ் சங்கிலிகளின் நடுவே புகுந்து, ஒன்றின் மேல் ஒன்று நகர இடம் கொடுப்பதால் நனைந்த நார் வளைகிறது.

குடிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெர்மாகோலில் குகை வெட்டாதீர்கள். 2022 ஜூலை முதல் அலங்காரத் தெர்மாகோலுக்கு நாடு முழுவதும் தடை இருக்கிறது. தெர்மாகோலின் பருமனில் 98 சதவீதம் காற்று. அதனால் லேசான காற்றுக்கே பறக்கும். 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாவதைக் குறைக்க அதன் மேல் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டபோது, காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. உடைந்தால் மணிமணியாக உதிர்ந்து பொறுக்கி எடுக்கவும் முடியாது. வயலில் வைக்கோல் இருக்கிறது. தட்டில் மண் பரப்பி இப்போதே கேழ்வரகு விதைத்தால் கிறிஸ்துமஸுக்குப் பச்சைப் புல்வெளி தயார். மூன்று ஞானிகள் கொண்டு வந்த பரிசுகளையும் யோசித்துப் பாருங்கள். பொன் எத்தனை தலைமுறைக்கும் உருக்கி உருக்கிப் பயன்படும். சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் மரப்பட்டையைக் கீறினால் வடியும் பிசின். மூன்றிலும் குப்பை இல்லை.

திறந்தால் பாடும் வாழ்த்து அட்டை வேண்டவே வேண்டாம். அதற்குள் ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது. குப்பைக்குப் போனால் மண்ணுக்குக் கேடு. வீட்டில் இருக்கும் குட்டித் தம்பி விழுங்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கும், உயிருக்கே ஆபத்து. அட்டையை நீங்களே வரையுங்கள்.

காசே செலவாகாத பரிசுகளும் இருக்கின்றன. நீங்கள் படித்து முடித்த கதைப் புத்தகம், சிரட்டையில் வளர்த்த கறிவேப்பிலைக் கன்று, 'உனக்கு நீச்சல் கற்றுத் தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு. பழையதைக் கொடுத்தால் மதிப்புக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாருக்கும் தேவைப்படாத புதுப் பொருள்தான் உண்மையில் குறைவான பரிசு. தேவை என்னவென்று நண்பரின் வீட்டாரிடம் நைசாக விசாரித்துவிடுங்கள். நம் தெருக்களில் அதிரசமும் முறுக்கும் பாத்திரத்தில் போகும். அந்தப் பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வராது, அவர்கள் வீட்டுப் பலகாரத்தோடு வரும். உறையே இல்லாத அந்தப் பரிசு முறைக்கு ஈடாக நான் வேறு எதையும் பார்த்ததில்லை.

நான் சொன்னதையெல்லாம் அப்படியே நம்ப வேண்டாம். சோதித்துப் பாருங்கள். ஒரு பழைய மண்தொட்டியில் தோட்டத்து மண் நிரப்புங்கள். கட்டை விரல் அளவுக்குப் பருத்தித் துணி, வாழை நார், நோட்டுக் காகிதம், பளபளப்புப் பரிசுத் தாள், பிளாஸ்டிக் ரிப்பன் என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு எடுத்து, நாலு விரல் ஆழத்தில் தனித்தனியாகப் புதையுங்கள். எது எங்கே என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மண் காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஈரம் இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் வேலை செய்யாது. டிசம்பர் முதல் வாரத்தில் புதைத்தால் பொங்கல் விடுமுறையில் தோண்டிப் பார்க்கலாம். எந்தத் துண்டு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வரைந்து, வகுப்பில் காட்டுங்கள். மண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.